விமானியின் வயிற்றுப்போக்கு

லண்டனில், குரோய்டனின் பழைய விமான நிலையத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் ஆங்கிலப் பலகைகளைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. கவுன்சில் கடிதங்களை மொழிபெயர்த்து அலுத்துப்போயிருந்த நான் ஆசையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

விமானத்தில் தபால் ஏற்றத் தொடங்கிய காலத்து விமானி ஒருவரின் குறிப்புப் புத்தகத்தையும் வாசிக்கத் தந்தார்கள். வீரக்கதை என்று நினைத்துப் பிரித்தால் ஒரே நாற்றம். அந்தக் கால எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்களாம். திறந்த இருக்கையில் இருப்பவரின் முகமெல்லாம் அது தெறிக்கும், மூச்சோடு உள்ளேயும் போகும். சின்ன வயதில் பேதிக்கு அதைக் குடித்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மனிதர் இருந்த இடத்திலேயே கழிந்திருக்கிறார். இறங்கியதும் மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, தபால் ஏன் சுணங்கியது என்று கேட்டாராம். எனக்குக் குமட்டியது, அந்த அதிகாரியை நினைத்து.

ஆங்கிலப் பலகையில் இது இரண்டு வரியாக இருந்தது. தமிழிலும் அப்படியே எழுதினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே! தமிழைச் சரிபார்க்க வந்தவர், படிக்க வந்து இங்கேயே கணக்காளராகிவிட்ட மலேசியத் தமிழர்.

"நம்ம பிள்ளைங்க பார்ப்பாங்க சார். பேதி கீதின்னு இருந்தா அசிங்கமா இருக்காது?"

அடுத்த வேலையும் அவர் சொல்லித்தான் வரவேண்டும். இரண்டு வரியையும் வெட்டினேன். 'பல இன்னல்களுக்கிடையே கடமையாற்றினார்' என்று மழுப்பிக் கொடுத்தேன்.

திறப்பு நாளில், நான் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து என் பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார். பார்சல் வான் ஓட்டுபவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தமிழ்ப் பலகையை ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"குடுத்துவைச்ச மனிசன், அண்ணை."

"ஏன்?"

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு ஷிப்டுக்குள்ள எங்கையும் நிப்பாட்ட ஏலாது. மூத்திரம் போத்தலுக்குள்ளதான். போன மாசம் வயித்தாலை போய், வான் சீற்றிலையே... மனிசிக்கும் சொல்லேல்லை. உடுப்பை நானே தோய்ச்சனான். அந்தக் காலத்து ஆக்களுக்கு இந்தக் கேவலம் இல்லைத்தானே?"

அந்த இரண்டு வரியும் அவருடைய முதுகுக்குப் பின்னால், ஆங்கிலத்தில், சுத்தமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவரைத் திருப்பி நிறுத்தி வாசித்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அந்தக் கணக்காளர் வடை தின்றுகொண்டு நின்றார்.

"ஓம்" என்றேன். சீ!