ராத்திரிக்கு ரெண்டாவது ஆள்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே, பெட்ரோல் பங்க்கை ஒட்டி, விடிய விடிய விளக்கு எரிகிற கடை என்றால் போதும், எந்த டாக்ஸிக்காரரும் கொண்டுவந்து விட்டுவிடுவார். பாலிலிருந்து பல் தேய்க்கிற பிரஷ் வரைக்கும் கிடைக்கும். குழந்தை பிறந்தவன் சாக்லேட்டுக்கு ஓடிவருவான். இன்னும் பிறக்காதவன் சிகரெட்டுக்கு ஓடிவருவான்.

பகலில் கல்லாவில் உட்காருகிறவரைப் பகலண்ணன் என்பார்கள். ராத்திரியில் உட்காருகிறவள் ராத்திரியக்கா. இந்த ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்பதே பல பேருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. காலையில் ஒரு கால் மணி நேரம், சாயங்காலம் ஒரு கால் மணி நேரம், கடை கைமாறும்போது மட்டும்தான் ரெண்டு பேரும் சேர்ந்தாற்போல் கண்ணில் படுவார்கள். அந்த நேரத்தில் "பால் வண்டி வரல", "பேட்டரி தீந்துபோச்சு", "சாப்பாடு அடுப்பு மேல இருக்கு" என்று குடும்பம் நடந்துவிடும். சண்டை போட்டாலும் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் ஒருத்தர் கிளம்ப வேண்டும். மறுபடி பார்க்கும்போது எதற்கு ஆரம்பித்தோம் என்பது ரெண்டு பேருக்கும் மறந்திருக்கும். அதனால் தெருவில் ரொம்ப ஒற்றுமையான ஜோடி என்று பெயர்.

இப்படி வாழ்கிறவர்களுக்கு மகள் எப்படிப் பிறந்தாள் என்று பங்க்கில் வேலை செய்கிறவர்கள் கொஞ்ச நாள் ஆராய்ச்சி செய்தார்கள். கடை திறப்பதற்கு முன்பே பிறந்தவள் என்று தெரிந்த பிறகுதான் அடங்கினார்கள். மகள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் நடுராத்திரியில் கூப்பிடுவாள். மாமியார் வீட்டில் அதை வேறு மாதிரி நினைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு; அது நமக்கு வேண்டாம்.

ராத்திரியக்காவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. ராத்திரியில் தூங்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் தூங்குகிற நேரத்தில், வெளியே இருட்டாக இருக்கும்போது, காலை நீட்டிப் படுக்க வேண்டும். பகல் தூக்கம் அவளுக்குத் தவணை முறையில்தான் வந்தது. கீழ் வீட்டுத் தண்ணி மோட்டார் ஒரு மணி நேரம் உறுமும். அது ஓய்ந்தால் பக்கத்து மாடியில் சுவரைத் துளைப்பார்கள். அதுவும் ஓய்ந்தால் பார்சல்காரன் வேறு வீட்டுப் பார்சலோடு மணியை அடிப்பான். கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கிப்போயிற்று. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பிஸ்கட் வாங்க வந்தவள், "தனியா கவர் எதுக்குக்கா? உங்க கண்ணுக்குக் கீழ ரெண்டு பை இருக்கே, அதுலயே போட்டுக் குடுங்க" என்றாள். ராத்திரியக்காவும் சிரித்தாள். சிரிக்கிறதற்குக்கூட அசதியாக இருந்தது.

புருஷனிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, பதினொரு மணிக்குக் கடையைச் சாத்திட்டா என்ன?"

"ராத்திரியில அப்படி என்ன வேலை செஞ்சு கிழிக்கிற? வர்றது நாலு பேரு. ஃபேன் காத்துல சும்மா உக்கார்றதுதான?" என்றார் அவர்.

சும்மா உட்காருகிறதுதான். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்போதுதான் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு ராத்திரிக் கடைக்குள் புகுந்து, தனியாக இருந்த ஆளை அடித்துப்போட்டுவிட்டுக் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பேப்பரில் வந்தது, டிவியில் வந்தது, கடைசியில் சட்டமும் வந்தது. சட்டம் வந்த பின்னால் லைசென்ஸ் ஆபீசிலிருந்து ஆபீசரம்மாவும் வந்தார். கையில் ஒரு பை, காலில் தேய்ந்த செருப்பு, முகத்தில் காலையிலிருந்து இருபது கடை ஏறி இறங்கிய களைப்பு. சாயங்காலம் கடை மாறுகிற நேரம். அதனால் ரெண்டு பேரும் இருந்தார்கள்.

"இந்தக் கண்ணாடியில ஒட்டியிருக்கிற விளம்பரமெல்லாம் எடுத்துடணும். ரோட்டுலருந்து பார்த்தா கல்லா தெரியணும்" என்றார் ஆபீசரம்மா.

"கல்லா தெரிஞ்சா திருடனுக்குத்தான மேடம் வசதி?" என்றார் பகலண்ணன்.

"உள்ள வந்துட்ட திருடன் ரோட்டுல போறவங்களுக்குத் தெரியணும் சார். அதுக்குத்தான்."

"அதுவும் சரிதான்."

"வெளிய நல்ல வெளிச்சமா லைட் வேணும். கேமரா வேணும், ஓடுற கேமரா. போன கடையில ஒருத்தர் பொம்மை கேமரா மாட்டி வெச்சிருந்தாரு. கதவுப் பக்கம் அடியளவு போட்ட ஒரு பட்டை ஒட்டணும்."

"அது எதுக்கு மேடம்? வர்றவனுக்குச் சட்டை தைக்கப்போறோமா?"

"வந்தவன் எவ்வளவு உயரம்னு சொல்றதுக்கு. கல்லாவுக்கு அடியில ஒரு பட்டன், அமுக்கினா போலீசுக்குப் போயிடும். அப்புறம் ஒரு இரும்புப் பெட்டி. ராத்திரி சேர்ற காச அதுல போட்டுடணும். போட்டா போட்டதுதான், கடையில இருக்கிறவங்களால தெறக்க முடியாது."

"இவருகிட்ட குடுக்கிற மாதிரி" என்றாள் ராத்திரியக்கா. ஆபீசரம்மாவுக்கு உதடு லேசாகத் துடித்தது. சிரிக்கவில்லை; வேலை நேரம்.

"கடைசியா ஒன்னு. ராத்திரி பதினொன்னுலருந்து காலையில அஞ்சு மணி வரைக்கும் ரெண்டு ஆள் இருக்கணும். ஒரே ஆள்னா அனுமதி கிடையாது. பதினொன்னுக்குச் சாத்திடணும்."

ராத்திரியக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் பிஸ்கட் பாக்கெட்டை நேராக அடுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

பகலண்ணன் லேசுப்பட்ட ஆளா? விளம்பரங்களைச் சுரண்டி எடுத்தார். பின்னாலிருந்த கண்ணாடியைத் தேய்த்ததும் கடைக்குள் வெளிச்சம் வந்து, எந்தெந்தச் சாமான் எத்தனை காலமாகத் தூசியில் கிடந்தது என்று ஊருக்கே தெரிந்தது. கேமரா வந்தது, லைட் வந்தது, பட்டன் வந்தது, பெட்டி வந்தது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ரெண்டாவது ஆளுக்கு எங்கே போவார் என்பதுதான் அவளுடைய தைரியம்.

ஆள் தேடத்தான் செய்தார். ஒருத்தன் வந்து, எல்லாம் பேசி முடித்த பிறகு, "படுக்கிறதுக்கு எங்க எடம்?" என்று கேட்டான். இன்னொருத்தனுக்கு இருட்டு என்றால் பயம். ராத்திரியக்கா மனசுக்குள் எல்லாரையும் வாழ்த்தி அனுப்பினாள்.

ஒரு நாள் காலையில் பகலண்ணன் சொன்னார்: "எதுக்கு வெளி ஆளு? நானே இருக்கேன்."

"நீங்களா?"

"ஆமா. பகல்ல மதியத்துக்கு மேல தொறந்தாப் போதும். ராத்திரி சும்மா உக்கார்றதுதான? ரெண்டு பேருமா உக்காருவோம்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பாலை வார்த்த வயிற்றில் யாரோ புளியைக் கரைத்தார்கள்.

ராத்திரிக் கடை நடத்துகிறவர்களுக்கு அரை நாள் பயிற்சி வேறு இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் திருடனாக நடித்தார். "மல்லுக்கட்டாதீங்க, துரத்தாதீங்க, கேட்டதைக் குடுத்து அனுப்புங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, வாழைப்பழத்தைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு பகலண்ணன் முன்னால் வந்து, "எல்லாத்தையும் எடு" என்றார்.

பகலண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாத்தையும்னா எப்படிங்க? பாதி எடுத்துக்குங்க."

"சார், நான் திருடன்."

"இருந்துட்டுப் போங்க. காலையில பால் வண்டிக்கு என்ன குடுக்கிறது? ஒரு பேச்சுக்கு வருவோம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. பயிற்சிக்காரர் அவரை மட்டும் நிறுத்திவைத்து, ரெண்டு கையையும் தூக்கி, "எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பகலண்ணன் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டார்; ராத்திரி அனுமதியும் வந்துவிட்டது.

முதல் ராத்திரி பகலண்ணன் மாப்பிள்ளை மாதிரி வந்தார். ரேக்கைத் துடைத்தார், வந்தவர்களிடமெல்லாம் ஊர்க்கதை பேசினார். டாக்ஸிக்காரர் ஒருத்தர், "என்னண்ணே, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு ராத்திரியில ஜோடியா?" என்று கேட்டதற்கு, "சட்டம் போட்டிருக்காங்கப்பா, என்ன செய்ய?" என்றார். ஒரு மணி வரைக்கும் ராஜாவாக இருந்தார். அப்புறம் அரிசி மூட்டையில் சாய்ந்தார். அப்புறம் குறட்டை.

கண்ணாடி சுத்தமாக இருந்ததால் ரோட்டிலிருந்து எல்லாம் தெரிந்தது. பங்க் ஆட்கள் முறை வைத்து வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். எத்தனை தடவை உலுக்கினாலும், "முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். ராத்திரியக்கா இத்தனை நாள் கடையை மட்டும் பார்த்துக்கொண்டாள். இப்போது ஆளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

காலையில் வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு புது வழக்கு. ஒரே கட்டில், ரெண்டு பேரும் சுவர் ஓரத்துக்குப் போனார்கள்.

"நான் இங்கதான் படுப்பேன்" என்றார் அவர்.

"நானும் இங்கதான்."

"எப்போலருந்து?"

"உங்களுக்கு எப்போலருந்தோ அப்போலருந்து."

அவர் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தவர் தூங்கினாரா என்றால் இல்லை. மோட்டார் உறுமியது.

"இது தினமும் இப்படித்தான் கத்துமா?"

"தினமும்தான்."

"நீ சொல்லவே இல்லையே?"

"சொன்னா நிக்குமா?"

அப்புறம் சுவரைத் துளைக்கிற சத்தம். அப்புறம் மணி அடித்தது. பகலண்ணன் எழுந்துபோய்ப் பார்சல்காரனைத் திட்டிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி ஆபீசரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"யாரு இது?"

"ரெண்டாவது ஆள் மேடம்" என்றாள் ராத்திரியக்கா.

"ஆள் இருக்காரு. முழிச்சிருக்காரா?"

குரல் கேட்டுப் பகலண்ணன் திடுக்கிட்டு எழுந்தார். எதிரே யாரோ நிற்கிறார்கள், கையில் ஏதோ இருக்கிறது. ரெண்டு கையையும் தூக்கி, "எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்றார்.

பயிற்சி வீண் போகவில்லை என்று ஆபீசரம்மா சொன்னார். அடுத்த தடவை இப்படிப் பார்த்தால் அனுமதியை எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

அன்றைக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் எழுப்பாமல் விட்டுவிட்டால் போதும். அடுத்த தடவை ஆபீசரம்மா வரட்டும், பார்க்கட்டும், எடுக்கட்டும். ஆனால் மறுநாள் ராத்திரி குறட்டை கேட்டதும் அவள் கை தானாகப் போய் அவரை உலுக்கியது. பழக்கம். உள்ளே உட்கார்ந்தவரைத் தூங்க விடாததுதானே அந்தக் கடையின் தொழில்.

பத்துப் பதினைந்து ராத்திரி போயிருக்கும். விடியப்போகிற நேரம், பால் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பகலண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கறுப்பு இறங்கியிருந்தது.

"மனுஷன் செய்யற வேலையா இது?" என்றார். "வேணாம். பதினொன்னுக்குச் சாத்திடலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும். கோபம்தான் வந்தது.

"சும்மா உக்கார்றதுதான?"

அவர் குனிந்து பால் கூடையை நகர்த்தினார்.

"மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுலருந்து நான் உக்காந்தது உங்க கண்ணுல படல. நீங்க பதினஞ்சு நாள் உக்காந்ததும் மனுஷன் செய்யற வேலை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"உன் உடம்புக்காகவும்தான் சொல்றேன்."

"என் உடம்ப இதுல இழுக்காதீங்க" என்றாள். பால் வாங்க ஒரு அம்மா உள்ளே வந்தார். சண்டை அங்கேயே நின்றது. இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் எதற்கு ஆரம்பித்தது என்பது மறக்கவில்லை.

அன்றைக்கே லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். ஆபீசரம்மா மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி அனுமதியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றதும், "என்ன காரணம்?" என்று கேட்டார்.

"வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல மேடம்" என்றார் பகலண்ணன்.

"எனக்கு ஒன்னும் இல்ல மேடம்" என்றாள் அவள். "அவரால முழிச்சிருக்க முடியல. அப்படியே போட்டுக்குங்க."

ஆபீசரம்மா ரெண்டு பேரையும் பார்த்தார். அப்படியே போட்டுக்கொண்டார். பகலண்ணன் ஃபேனைப் பார்த்தார்.

"அடுத்த மாசத்துலருந்து நேரம் மாறும்."

"அது வரைக்கும் மேடம்?" என்று கேட்டாள்.

"அது வரைக்கும் அனுமதி இருக்கு. தொறந்தா ரெண்டு பேர் இருக்கணும்."

"தொறக்கலன்னா?"

"தொறக்கலன்னா என்ன? தொறந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லையேம்மா."

அவள் மேஜை மேல் கையை ஊன்றிக் குனிந்தாள். "எப்போலருந்து இல்ல?"

"எப்பவுமே இல்ல" என்றார் ஆபீசரம்மா.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்குக் கிடைத்தது. பகலண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப இன்னைக்கே சாத்திடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கே" என்றாள். "எறங்குற எடம் வந்தா எழுப்புங்க."

அவர் தலையாட்டினார். மேற்கொண்டு நடந்ததை நமக்குச் சொன்னது டாக்ஸிக்காரர்; அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கின பிறகும் ரெண்டு பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்களாம். கண்டக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே வழியில்தானே போகப்போகிறது என்று விட்டுவிட்டாராம்.