தானாக இறங்க வேண்டிய பால்

எழுபதுகளின் கடைசியில், திருத்தணியில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் வீட்டு மருமகள் அங்கே எட்டாம் மாதத்திலேயே பிரசவித்தாள். பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. மூக்கு வழியாக வயிறுவரை மெல்லிய ரப்பர் குழாய் விட்டு, தாய் பீய்ச்சித் தரும் பாலை அதில் ஊற்றுவோம். அதிலும் பாதியைக் கக்கிவிடும்.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "சிரிஞ்சுல அழுத்துற தண்டைப் போடாதே. வெறும் சிரிஞ்சைக் குழாயில மாட்டி ஒரு சாண் உசரத்துல பிடி. பால் தானா இறங்கட்டும். கால் மணி ஆனாலும் ஆகட்டும்."

பத்து நாள் அப்படியே செய்தேன். கை கடுக்கும். தாய் பக்கத்தில் நின்று, பால் சொட்டுச் சொட்டாகக் குறைவதையே பார்ப்பாள். "தொடலாமா சிஸ்டர்?" என்று தினமும் கேட்பாள். பாதத்தை மட்டும் தொட விடுவேன்.

ஆடிக் கிருத்திகை அன்று காஞ்சிபுரத்திலிருந்து என் அக்கா வந்து வாசலில் காத்திருந்தாள். இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் மலையேறுவதாகப் பேச்சு. ஒன்றே முக்காலுக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். அன்றைக்கென்று பால் இறங்கவேயில்லை. குழந்தையைக் கொஞ்சம் திருப்பிப் படுக்கவைத்துக் காத்திருந்தால் இறங்கிவிடும்; எனக்குத் தெரியும். தாய் துணி அலசப் போயிருந்தாள். வேறு யாருமில்லை. நான் தண்டைச் செருகி அழுத்தினேன். ஒரு நொடியில் சிரிஞ்ச் காலி.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். சோப்பு போடும்போதே அலறல் கேட்டது. ஓடி வந்தால், தாய் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அதன் மூக்கிலும் வாயிலும் பால். உதடு நீலம். டாக்டரம்மாவும் ஓடி வந்து, குழந்தையைப் பிடுங்கிக் கவிழ்த்து, பாலை உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் வைத்தார். வெகுநேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வந்தது.

"பால் குடுத்ததும் யாரு தூக்கச் சொன்னது?" என்று தாயைப் பார்த்துக் கத்தினார்.

"நான் வரும்போதே மூக்குல பால் வந்துகினு இருந்துச்சுங்க. அதாங்க தூக்கினேன்..."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் என்னை முழுசாக நம்பினார். அந்த நம்பிக்கை போய்விடும் என்ற பயம்தான் எனக்கு. "சொல்லிக்கினேதான் இருக்கேன் மேடம். கேக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

"பத்து வாட்டி சொன்னேனே! கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?" என்று, அலறல் கேட்டு வந்திருந்த மாமியார் மருமகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் அழக்கூட இல்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தூக்கி நிமிர்த்தியதால்தான் அந்த உயிர் தங்கியது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

நான் அக்காவோடு மலையேறினேன். காவடிக் கூட்டத்தில், "ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றாள். பால் இறங்க நேரமாகிவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு தண்டை நான் தொடவில்லை. தாயும் தொட்டில் பக்கம் வரவில்லை. ஒரு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். குழந்தை தேறி, ஒன்றரை மாதத்தில் வீட்டுக்குப் போனது.

ஐந்தாறு மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தார்கள். மாமியார் இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தை. தாய் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"நீ வாங்கிக்கோயேன்மா" என்றேன்.

"வேணாங்க சிஸ்டர். நான் தூக்கினா அதுக்கு ஆவாதுங்க."

பக்கத்து அறையில்தான் டாக்டரம்மா இருந்தார். வாயைத் திறந்தேன். "அப்போ சின்னது. இப்போ தூக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் வந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு மெல்லக் கை நீட்டி வாங்கினாள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, "நீங்க பொழைக்க வெச்ச உசிருங்க" என்று குனிந்து என் காலைத் தொட்டாள். நான் காலை நகர்த்தவில்லை.