தெருப் பக்கச் சுவரில் ஒரு சிவப்புக் கைப்பிடி

தனபாலிடமிருந்து அழைப்பு வந்தபோது வெளியே மழை விட்டிருந்தது. சதுரங்கப்பட்டினம் பக்கத்து மின்கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் அவர். மழைக்காலத்தில் அவர் கூப்பிட்டால் எங்கோ கம்பம் சாய்ந்திருக்கிறது, நிருபரான எனக்குச் செய்தி இருக்கிறது என்று பொருள். அன்று, "சார், ஹாஜிராக்கா போயிட்டாங்க சார்," என்றார். நான் பதில் சொல்வதற்குள், "அவங்க தெருவுல மரம் வுழுந்து லைன் அறுந்து கீது. அதுக்கும் நான்தான் போவணும்," என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

ஹாஜிரா பானுவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை மொட்டை மாடியில் சோலார் போட்டுக்கொண்ட பல வீட்டாருக்கு அவருடைய முகத்தைவிடக் குரல் நன்றாக நினைவிருக்கும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர். ஸ்கூட்டர் பெட்டியில் புர்காவை மடித்து வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணி ஏறுவார். "கான்ட்ராக்டர் வரலியாம்மா?" என்று கீழே நின்று கேட்பவர்களுக்கு, "வந்தாச்சு, எறங்கிக்கினு கீறாங்க, ஏணிய கெட்டியா புடி," என்று மேலிருந்து பதில் வரும்.

நான் அவரை முதலில் பார்த்தது திருவிடந்தையில், ஒரு விடுதி வாசலில். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை ஒரு கைப்பிடியைப் பற்றியது. ஊர் மின்சாரம் போனால் கூரையில் இருக்கும் சோலாரும், வெயில் எவ்வளவு அடித்தாலும், நின்றுவிட வேண்டும் என்பது விதி. அறுந்த கம்பியைக் கட்ட ஏறுகிறவர் அதில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் ஏறுகிறார். ஏதோ ஒரு மாடியிலிருந்து அது கம்பிக்குத் திரும்பி வந்தால் அவர் உயிர் போகும். தானாக நிற்பதை மட்டும் நம்பாமல், கையால் இழுத்துத் துண்டிக்கவும், துண்டித்ததைப் பூட்டவும் ஒரு கைப்பிடி வைக்க வேண்டும். அதை ஹாஜிரா எப்போதும் தெருவைப் பார்த்த சுவரில்தான் வைப்பார்.

"முகப்பே அசிங்கமாப் பூடும்மா. பின்னால கிச்சன் பக்கம் வையேன்," என்றார் விடுதிக்காரர்.

"வெக்கிறேன். மழையில லைன்மேன் வந்து உங்க காலிங் பெல்ல அடிச்சிக்கினு நிப்பானா? கரண்டே இல்லாதப்ப பெல்லு எப்பிடி அடிக்கும், சொல்லு நைனா."

விடுதிக்காரர் சிரித்துவிட்டார். கைப்பிடி முன்சுவரிலேயே ஏறியது. பின்னாளில் என் வீட்டிலும் இதே வழக்கு வந்தது. என் மனைவி அந்த இடத்தில் செம்பருத்தி வைப்பதாக இருந்தாள். "செம்பருத்தி ஒரு முழம் தள்ளிப் பூக்கும்," என்று சொல்லிவிட்டு ஹாஜிரா சுவரில் துளை போட்டார். கூரையிலிருந்து ஊர்க் கம்பிக்குப் போவதையும் கணக்கிடும் நெட் மீட்டரை மின்வாரியம் வைக்கும்வரை இணைப்புக் கொடுக்கவும் மறுத்தார். மாடியில் பலகைகள் வெயில் காய்ந்து கிடக்க, நாங்கள் கட்டணம் கட்டிக்கொண்டு காத்திருந்தோம். கேட்டால், "நிக்காஹ்வுக்கு முன்னாடி குடித்தனம் வெக்கலாமா சார்?" என்பார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உரிமம் இல்லாதவர் வேலையைச் செய்வார். உரிமம் உள்ளவர் வந்து பார்க்காமலேயே வேலை முடிந்ததற்கான அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார். ஹாஜிரா அதை ஒருபோதும் செய்ததில்லை. "என் கையெழுத்து கீதுன்னா நான் அங்க நின்னேன்னு அர்த்தம்," என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருக்காது. அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த விலையை நான் அறிவேன்.

அவருக்கு ஒரே தம்பி, சலீம். தாய் இறந்தபின் அவர் வளர்த்த பிள்ளை. உரிமம் எடுக்காமல், மலிவாகப் போட்டுக்கொடுக்கும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சதுரங்கப்பட்டினத்தில் மீன் பதப்படுத்தும் ஐஸ் கொட்டகை ஒன்றுக்கு அவன் சோலார் போட்டான். கரண்ட் போனாலும் குளிர்பெட்டிகள் ஓட வேண்டும் என்பது கொட்டகைக்காரரின் நிபந்தனை. பழைய பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ஊர்க் கம்பியிலிருந்து பிரிக்காமலே இணைத்திருந்தான். கைப்பிடி கொட்டகைக்குள், பூட்டின கதவுக்குப் பின்னால். கையெழுத்துக்கு அக்காவிடம் வந்தான்.

ஹாஜிரா போய்ப் பார்த்தார். "கரண்ட் போனா இது எங்கடா போவும்?" என்று கேட்டார்.

"எங்கயும் போவாதுக்கா. எல்லாரும் இப்பிடித்தான் போடறான். ஒரு கையெழுத்துதானே, ஏன் பேஜாரு பண்றே?"

"பிரிச்சிப் போடு, நானும் கூட நிக்கிறேன். இப்பிடியே கேட்டா போடமாட்டேன்."

"கூடப் பொறந்தவனுக்கே போடமாட்ட இல்ல?"

"கூடப் பொறந்தவன்றதாலதான் திட்டாம நிக்கிறேன்."

சலீம் வேறு யாரிடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டான். அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். அடுத்த மழையில் கொட்டகை இருந்த சந்தில் லைன் அறுந்து, தனபால் கம்பத்தில் ஏறினார். கொட்டகையிலிருந்து திரும்பி வந்த மின்சாரம் அவரைக் கீழே தள்ளியது. உயிர் பிழைத்தார். வலது கை விரல்கள் இன்றும் முழுவதும் மடங்குவதில்லை. இப்போது கம்பம் ஏறுவதில்லை. கீழே நின்று ஆட்களை ஏற்றி இறக்குகிறார். சலீம் அந்த வேலையை விட்டான், ஊரையும் விட்டான். திருப்போரூர்ப் பக்கம் ஏதோ கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

ஹாஜிரா ஒருமுறைகூட, "அப்பவே சொன்னேனே" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தனபாலுக்குக் கஞ்சி கொண்டுபோனார். தம்பிக்கு விடாமல் போன் அடித்தார், அவன் எடுக்கவில்லை.

மார்பில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிய பிறகு அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் பாதி உடம்பாகக் கிடந்தார். "இன்னா சார், இரங்கல் எழுதுறதுக்கு மேட்டர் எடுக்க வந்தியா?" என்று சிரித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "சலீமை எங்கனா பாத்தியா? பாத்தா சொல்லு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். சும்மா வந்து உக்காந்துட்டுப் போவட்டும்." திருப்போரூரில் தேடிப் போனேன். கடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டான். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சார் வர்றது?" என்று மட்டும் சொன்னான். வந்துவிடுவான் என்றுதான் நான் நம்பினேன். அவரிடமும் அப்படியே சொன்னேன்.

அவர் இறந்த அன்று தெருவில் மரத்தை இன்னும் வெட்டி முடிக்கவில்லை. ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கம்பத்தடியில் தனபால் நின்றிருந்தார். அவருடைய ஆள் ஒருவர் ஏறத் தயாராக இருந்தார். அப்போது தெருமுனையில் ஒரு பைக் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவன் நடந்து வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராக ஹாஜிரா வீட்டு முன்சுவருக்குப் போனான். சிவப்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தான். பக்கத்தில் தொங்கிய பூட்டை மாட்டிப் பூட்டினான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு கம்பத்தடிக்கு வந்து சாவியை நீட்டினான்.

"அண்ணாத்த, எங்க அக்கா வூடு ஆஃப். பூட்டிட்டேன். சாவி உங்கிட்ட இருக்கட்டும்."

தனபால் மடங்காத அந்தக் கையால்தான் சாவியை வாங்கினார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அதே கையை அவன் தோளில் வைத்தார். "போ, உள்ள போ. நேரமாவுது," என்றார். சலீம் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து, "அக்கா, வந்துட்டேன்க்கா," என்று ஒரு குரல் கேட்டது. வெளியே இருந்த எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உயிரோடு இருக்கையில் அந்தக் குரலை அவர் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். எங்கள் தெருவில் கரண்ட் போனால் என் மனைவி மெழுகுவத்தியைத் தேடுகிறாள். நான் வாசலுக்குப் போகிறேன். செம்பருத்திக் கிளையை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியைக் கீழே இழுக்கிறேன். யாரோ ஒருவர் எங்கோ ஒரு கம்பத்தடியில் அண்ணாந்து நிற்பார். அவர் ஏறலாம்.