எது மாப்பிள்ளை எழுத்து?

எனக்குப் பெண் நிச்சயமான ஆவணி மாதத்தில் என்னிடம் ஏழு பேனாக்கள் இருந்தன. ஏழும் இந்தியாவில் செய்தவை. அறுபதுகளின் தொடக்கம் அது. சீமைப் பேனாக்கள் கடைகளில் அருகிப்போய், கிடைத்தவையும் என் சம்பளத்துக்கு எட்டாதவையாக இருந்தன. எட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான். நான் பார்த்த சீமைப் பேனாக்கள் எல்லாம் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு எழுதின. நம் ஆட்கள் கடைசல் பட்டறையில் கடைந்து, முள்ளைக் கையால் தேய்த்துப் பொருத்திய பேனாக்கள் அப்படியில்லை. ஒன்று மை கக்கும். ஒன்று பாதி வரியில் முரண்டு பிடித்து நிற்கும். இன்னொன்று நாம் நினைப்பதற்கு முன்பே ஓடிவிடும்.

விருதுநகரில் பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஒரு ஜின்னிங் பாக்டரியில் எழுத்தர் வேலை பார்த்தேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை அறை. சம்பளத்துக்கு மறுநாள் பஜாருக்குப் போய், பேனாக் கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிடுவேன். அங்கே வாங்கியவை நான்கு. கோதாவரிக் கரையில் கடைந்த தடித்த பேனா ஒன்றை, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்தேன். கெட்டி ரப்பரில் செய்தது அது. கறுப்பும் பழுப்பும் கலந்து மரத்தின் ரேகை மாதிரி ஓடும். கண்ணாடிக் குழாயால் சொட்டுச் சொட்டாக மை ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழையும் வெந்நீரில் கழுவித் துண்டில் வரிசையாக உலர வைப்பேன். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதில் எனக்கு இருந்த சுகத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பெண்ணுக்கு ஊர் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவளுடைய அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. காரியாபட்டிப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்த என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் சம்பந்தி வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதங்களை நான்தான் எழுதினேன். அப்பா விருதுநகருக்கு வரும்போது சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, மூலையில் மஞ்சள் தடவித் தபாலில் சேர்ப்பேன்.

முதல் கடிதத்தை மதராஸில் செய்த பச்சைப் பேனாவால் எழுதினேன். ஊசி மாதிரி முள். எழுத்து கடுகு கடுகாக விழும். பத்தே நாளில் அன்பான பதில் வந்தது. பெண்ணுக்குப் பட்டு எடுக்க எல்லோரும் சேர்ந்து மதுரைக்குப் போகலாம் என்று பெண்ணின் அப்பா ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்.

இரண்டாவது கடிதத்தைக் கோதாவரிப் பேனாவால் எழுதினேன். நல்ல காரியத்துக்கு நல்ல பேனா என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை. அந்தப் பேனாவில் சின்ன எழுத்து எழுதினால் சுழியெல்லாம் மையால் அடைத்துக்கொள்ளும். ஆகவே பெரிதாக, கொழுகொழுவென்று எழுதினேன். இதற்கு வந்த பதிலின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘தங்கள் வீட்டில் வேறு யாரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டா?’

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்தின் படிப்பைக் குறைவாக நினைக்கிறாரோ என்று ஒருபக்கம் ரோஷம். இல்லை, கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்க ஆள் தேடுகிறாரோ என்று ஒருபக்கம் சமாதானம். ‘என்னைத் தவிர யாரும் இல்லை’ என்று உண்மையை எழுதினேன். அந்த வாரம் என் சட்டைப் பையில் இருந்தது கல்கத்தாப் பேனா. அதன் முள் ஒருபக்கமாகச் சரிவாக வெட்டப்பட்டது. எழுதினால் வரிகள் எல்லாம் காற்றில் சாய்ந்த கம்மம்பயிர் மாதிரி வலப்பக்கம் சாயும். அந்த அழகுக்காகவே அதை வாங்கினேன்.

அதற்கு வந்தது ஒரு கார்டு. நான்கே வரி. நடுவில் இப்படி: ‘மாப்பிள்ளைக்கு உடம்பு சுகம்தானே? கையில் ஏதும் அடிபட்டதா?’

அந்தக் கார்டை எத்தனை முறை படித்திருப்பேனோ தெரியாது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாராவது என்னைப் பற்றிப் புரளி கிளப்பியிருப்பார்களோ? பாக்டரியில் பஞ்சுப் பொதி விழுந்து ஒருவர் காலில் அடிபட்டது உண்மை. அது நான் என்று அங்கே போய்ச் சேர்ந்திருக்குமோ? ‘என் கைக்கு ஒன்றும் இல்லை, நலமாக இருக்கிறேன்’ என்று உடனே எழுதினேன். எழுதியது திருநெல்வேலிப் பட்டறையில் வாங்கிய வறட்டுப் பேனா. அதன் முள் மேல்நோக்கி இழுத்தால் காகிதத்தைக் கீறும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் துண்டு துண்டாக வைத்துத்தான் எழுத முடியும். கைக்கு ஒன்றுமில்லை என்று கட்டுப்போட்ட கையால் எழுதியது போல அது இருந்திருக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பதிலே வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெண்ணின் தாய்மாமன் பாக்டரிக்கு வந்தார். வாட்டசாட்டமான மனிதர். நிச்சயத்தன்று என்னைக் கட்டிப் பிடித்துச் சிரித்தவர், இப்போது அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

“இங்கனதான் வேலை பாக்கீகளா மாப்ள?”

“ஆமா மாமா. காபி சாப்பிடுங்க.”

“எழுத்து வேலைதானே?”

“ஆமா.”

“எனக்கு மதுரையில ஒரு கடை விலாசம் வேணும். கொஞ்சம் எழுதிக் குடுங்க.”

விலாசத்தை அவரே சொன்னார். தெரிந்த விலாசத்தை எதற்கு எழுதித் தரச் சொல்கிறார் என்று குழம்பினாலும், பெரியவர் கேட்கிறார் என்று எழுதினேன். அன்று பையில் இருந்தது பம்பாய்ப் பேனா. அது மெழுகு மாதிரி ஓடும். எழுத்து ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு போகும். மாமா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் இருண்டது. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மேலதிகாரி, “யாரப்பா அது, கடன்காரரா?” என்று கேட்டார்.

அடுத்த வாரம், அப்பாவும் நானும் உடனே வர வேண்டும் என்று புதுப்பட்டியிலிருந்து ஆள் மூலம் தகவல் வந்தது. சிவகாசிக்குப் போய், அங்கே வேறு பஸ் மாறிப் போனோம். பஸ்ஸில் வெயில் பொறுக்க முடியவில்லை. வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளின் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி நின்றன. அப்பா மூன்று தடவை, “என்னலே பண்ணித் தொலைச்சே?” என்று கேட்டார். நான் மூன்று தடவையும், “தெரியலையேப்பா” என்றேன். சட்டைப் பையில் இருந்த பேனா சூட்டில் மை கக்கி, நெஞ்சில் நீலமாக ஒரு கறை விரிந்துகொண்டிருந்தது. மற்றப் பேனாக்கள் துணிப்பையில் இருந்தன. பூட்டில்லாத அறையில் அவற்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

வீட்டில் பெண்ணின் அப்பா எங்களைப் பாயில் உட்கார வைத்தார். மாமாவும் இருந்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மோர் வந்தது. மோரைக் குடித்ததும், அவர் நான்கு கடிதங்களையும் ஒரு சீட்டையும் எடுத்து எங்கள் முன்னால் வரிசையாகப் பரப்பினார்.

“தப்பா எடுத்துக்கிறாதீக சம்பந்தி. இதுல எது மாப்பிள்ளை எழுத்து?”

“எல்லாம் என் எழுத்துதான்” என்றேன்.

“அஞ்சும் அஞ்சு பேரு எழுதுன மாதிரில்ல இருக்கு?”

அப்போதுதான் அவற்றை ஒருசேரப் பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கடுகு எழுத்து, கொழுத்த எழுத்து, சாய்ந்த எழுத்து, துண்டு எழுத்து, கோத்த எழுத்து. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான்தான் எழுதினேன் என்பது எனக்கு நினைவில் இருந்ததே தவிர, கண்ணால் பார்த்து நம்ப முடியவில்லை.

மாமா சொன்னார்: “போன வருஷம் எங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஒருத்தன் கிளார்க்குன்னு சொல்லிப் பொண்ணு கட்டுனான். கண்டவுககிட்ட குடுத்துக் கடிதாசி எழுதி வாங்கியிருக்கான். பொறகு பாத்தா அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது.”

பெண்ணின் அப்பா குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். “கம்பெனியில வெடிமருந்து இருப்பு நோட்டு நான்தான் எழுதுறேன். ஒரு நா எனக்குக் காய்ச்சல்னு வேற ஆளு எழுதிட்டான். சோதனைக்கு வந்த ஆபீசரு எழுத்து மாறுனதைப் பாத்துட்டு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாரு. அதுலேருந்து எழுத்து மாறுனா ரெண்டு தடவை பாக்காம விடமாட்டேன்.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் சொல்லச் சொல்ல என் கண்ணு முன்னாலதான் எழுதுனான். ஏலே, எழுதிக் காட்டுலே!”

பெண்ணின் அப்பா தம் சட்டையிலிருந்த பேனாவைக் கழற்றிக் கொடுத்தார். பழைய பேனா. முள் பல வருஷம் அவர் கையோடு தேய்ந்து ஒருபக்கம் மழுங்கிக் கிடந்தது. நான் எப்படிப் பிடித்தாலும் அது தன் வழிக்கே என்னை இழுத்தது. ‘இங்கு அனைவரும் சுகம்’ என்று எழுதி நீட்டினேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பாவை ஒருமாதிரிப் பார்த்தார்.

“என்ன அத்தான், இது உங்க எழுத்துல்ல?”

அவர் தாளை வாங்கி, தம் எழுத்தைப் போலவே இருந்த அந்த வரியை உற்றுப் பார்த்தார். அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேறு வழி தெரியாமல் துணிப்பையை அவிழ்த்துப் பேனாக்களைப் பாயில் வைத்தேன். அதே வரியை ஒவ்வொன்றாலும் எழுதினேன். கடுகு வந்தது. கொழுப்பு வந்தது. சாய்வு வந்தது. ஒவ்வொன்றையும் அந்தந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனேன். மாமா குனிந்து குனிந்து ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில், “அட!” என்றார். அவ்வளவுதான்.

பெண்ணின் அப்பா கோதாவரிப் பேனாவை எடுத்து வேட்டியில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். “கந்தக வாடை அடிக்குதே!”

“ரப்பரோட கந்தகம் சேத்து வேகவச்சுத்தான் மாமா இதைச் செய்வாக.”

“அப்போ நம்ம சரக்குதான்” என்று முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு, “எம்புட்டுப் பேனா! எதுக்கு மாப்ள இம்புட்டும்?” என்று கேட்டார். அப்பாவும் என் முகத்தையே பார்த்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் இவ்வளவு பேனா இருப்பது தெரியும்.

சாப்பாடு போட்டார்கள். இலையில் உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து வந்து தயங்கி நின்றார்.

“பொண்ணு ஒன்னு கேட்டு வரச் சொன்னா. அந்த அஞ்சு எழுத்தையும் அவளும் பாத்தா. எந்தப் பேனாவுல எழுதுனா உங்க சொந்த எழுத்து வரும்னு கேக்குறா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்த எழுத்து இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே வாத்தியார் சொன்ன எழுத்து. பாக்டரியில் பேரேடு கேட்ட எழுத்து. அதற்கு மேல் எனக்கென்று ஒன்று இருந்ததா? “தெரியலை அத்தை” என்றேன். அந்தப் பதில் உள்ளே எப்படிப் போய்ச் சேர்ந்ததோ.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விருதுநகரில் ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலர்ந்த பேனாக்களுக்கு நான் மை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் எழுதிப் பாக்கட்டுமா?”

எட்டாவது வரை படித்தவள். ஒரு தாளில் தன் பெயரை ஏழு பேனாவாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். நான் ஆவலோடு எட்டிப் பார்த்தேன். ஏழும் ஒரே எழுத்து. ஒன்றில் கோடு தடிப்பு, ஒன்றில் மெலிவு, அவ்வளவுதான். உருவம், சாய்வு, இடைவெளி எதுவும் இம்மியும் மாறவில்லை. கல்கத்தாப் பேனாவின் சரிந்த முள்கூட அவள் கையில் நேராக நின்று எழுதியது.

“எனக்கு ஒரே மாதிரிதானே வருது? எங்க அப்பாகிட்ட வேற என்னமோ சொன்னீக?”

பேனாதான் எழுத்தை மாற்றுகிறது என்று அன்று அத்தனை பேர் முன்னால் எழுதிக் காட்டியவன் நான். அவளிடமிருந்து தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேனாவை மாற்றிப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை எழுத வைத்தேன். மாறவில்லை. அவள் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நான் அதே தாளில் அவள் பெயரை அவள் எழுதிய மாதிரியே எழுத முயன்றேன். ஏழு பேனாவிலும் ஏழு விதமாக வந்தது.