விசிலடிக்கும் நெஞ்சோடு ஓடியது

எங்கள் ஊரில் நாற்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். பஸ் போய்விட்டது, இல்லையென்றால் மாடு அவிழ்த்துக்கொண்டது. நான் ஓட ஆரம்பித்த புதிதில் எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, "எந்தப் பக்கம் போச்சு ணா?" என்று கேட்டார்கள். உடம்புக்காக ஓடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் ஏரிப் பக்கமாகக் கையைக் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தேன். ஒரு புண்ணியவான் நிஜமாகவே போய்த் தேடிவிட்டு வந்தார்.

உத்திரமேரூரில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றும் வேலை. சுற்றியதில் பாதி மோட்டாருக்குப் போனது, மீதி என் இடுப்பில் தங்கிவிட்டது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நட என்றார்கள். நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கூடவே நடந்து, கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் புட்வால்வு ஏன் ஒழுகுகிறது என்று கேட்டார்கள். அவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் ஓடினேன். தப்பிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. நாள் போகப் போகத் தூரம் கூடியது. காஞ்சிபுரத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பிறகுதான் என் நெஞ்சு வாய் திறந்தது.

ஒருநாள் நன்றாக ஓடி முடித்து வாசலில் வந்து நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ நாதஸ்வரத்துக்குச் சீவாளி சரிபார்ப்பது போல ஒரு சத்தம். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. முடிந்தது கதை என்று முடிவு செய்தேன். சுவரில் சாய்ந்து, மனைவியைக் கூப்பிட்டு, என் கடைசி வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். கடையில் மேசைக்கு அடியில் இருக்கிற அஞ்சு எச்.பி. மோட்டார் பக்கத்து ஊர் பெருநகர்க்காரருடையது, அதை மறந்துபோய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடாதே, பேரிங் மாற்றியாகிவிட்டது, ஷாஃப்ட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடு…

அவள் துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "சாவப் போற ஆளு இவ்ளோ பேச மாட்டாங்க. வாய மூடிக்கினு வண்டியில ஏறு."

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, ஓடும்போது மட்டும் வருகிற ஆஸ்துமா இது என்றார். வேகமாக மூச்சு வாங்கும்போது பனிக்காற்றும் தூசியும் உள்ளே போய் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுகிறதாம். ஓடலாம், தாராளமாக ஓடலாம், ஆனால் ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இதை உறிஞ்சிவிட்டு ஓடணும் என்று இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தார். அவர் சொன்னதில் 'தாராளமாக ஓடலாம்' வரைக்கும்தான் என் காதில் ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "இன்னொரு வாட்டி இழுத்துக்கினு வூட்டுக்கு வந்தீனா, அந்த ஷூவ தென்னமரத்துக்கு எருவா பொதச்சிடுவேன். பந்தயமும் கெடயாது, ஒன்னும் கெடயாது."

அவள் சொன்னால் செய்கிறவள். எங்கள் தென்னைக்கு ஏற்கெனவே என் பழைய கேரம் போர்டு உரமாகியிருக்கிறது.

அந்த இன்ஹேலரை நான் என்ன செய்தேன் என்றால், பத்திரப்படுத்தினேன். அதை அடிக்கடி அடித்தால் பழகிவிடும், பிறகு விடவே விடாது என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சரி, உயிர் போகும் சமயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தேன். வியர்வை படக்கூடாதென்று பாலிதீன் கவரில் போட்டு, மேலே இன்னொரு கவர் போட்டு, இறுக்கி முடிச்சும் போட்டு, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன். மோட்டார் மெக்கானிக் போடும் முடிச்சு. அது கழன்றால் எனக்குத்தான் அவமானம்.

தை மாசத்தில் ஒருநாள் பெருநகர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. எங்கள் பக்கம் உளுந்து அறுத்தால் செடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். கூலியில்லாத ஆள். அன்றைக்கும் ரோட்டோரத்தில் நாலைந்து பெண்கள் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்த இடத்துக்கும், உத்திரமேரூர் பஸ் அந்த இடத்துக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். பஸ் ஏறி மிதித்தது. எழும்பிய தூசி முழுவதையும் நான்தான் உள்வாங்கினேன்.

சீவாளி ஊத ஆரம்பித்துவிட்டது. நடு ரோட்டில் முட்டியில் கை ஊன்றிக் குனிந்தேன். கண்ணில் தண்ணீர். பெண்களில் ஒருத்தி என் கோலத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏமே, வலிப்புமே! இரும்பு குடு, கையில இரும்பு குடு!"

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைப் பிடிக்கக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். எனக்கு வந்ததோ மூச்சிழுப்பு. அதைச் சொல்ல மூச்சு வேண்டுமே. வலது கையில் அரிவாளைத் திணித்தார்கள். இடது கையில் யாருடைய இடுப்பிலிருந்தோ உருவிய சாவிக்கொத்து. பையில் இருக்கும் மருந்தை எடுக்கலாம் என்று அரிவாளை விடப் பார்த்தேன்.

"வுடப் பாக்கறாருமே! அமுக்கு, அமுக்கு!"

"கெட்டியா புடி ணா! ஒன்னும் ஆவாது!"

இரண்டு பேர் என் விரல்களை அரிவாளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் வயலிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. மூச்சு முட்டிச் சாவதை விட அந்தக் கடப்பாரை காலில் விழுந்து சாவோமோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. பயம் வந்ததும் மூச்சு இன்னும் சுருங்கியது. தள்ளிப் போய் நின்ற பஸ்ஸின் ஜன்னல் முழுக்கத் தலைகள்.

சாவிக்கொத்து இருந்த கையை எப்படியோ உருவி, பையிலிருந்து கவரை எடுத்துவிட்டேன். முடிச்சு கழன்றால்தானே? என் முடிச்சாயிற்றே. கடைசியில் வலது கையில் அவர்களே பிடித்துக்கொடுத்திருந்த அரிவாளால் கவரைக் கிழித்தேன். இன்ஹேலரை வாயில் வைத்து உறிஞ்சினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. குனிந்தபடியே இருந்தேன். மெல்ல மெல்ல உள்ளே ஒரு கதவு திறந்தது.

முதலில் கத்தியவள் மற்றவர்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "பாத்தியாமே? இரும்பு புடிச்சதும் சரியாப் போச்சு."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அரிவாள் இல்லாவிட்டால் அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?

நான் நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் இருந்த எதிர்வீட்டுக்காரி செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மனைவி தெருவிலேயே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யார வெட்டப் போன?"

"இன்னாது?"

"பெருநகர் ரோட்டுல கையில அருவாளோட, கண்ணெல்லாம் செவந்து, நாலு பொம்பளைங்க புடிச்சும் அடங்காம நின்னியாமே! இன்னா பேஜாருயா இது, காலங்காத்தால?"

நான் யாரையும் வெட்டப் போகவில்லை என்று நிரூபிக்க, இழுப்பு வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கொலைக்குற்றத்திலிருந்து விடுதலை, ஆனால் ஷூ போச்சு. அவள் மண்வெட்டியை எடுத்தாள். தென்னைமரத்தடிக்குப் போனாள். இரண்டு கொத்து கொத்தியும்விட்டாள். பிறகு என் கையிலிருந்த கிழிந்த கவரைப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்குக் கட்டி வெச்சிக்கினு கீற?"

சொன்னேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னை வண்டியில் ஏற்றி, திரும்பவும் அதே டாக்டரம்மா முன்னால் உட்காரவைத்தாள்.

"சார், ஓடறதுக்கு முன்னாடி அடிக்கச் சொன்னேனே, அடிச்சீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி பதில் சொன்னாள். "முன்னாடியா? கொலுவுல வெக்கற பொம்ம மாதிரி கட்டி வெச்சிக்கினு கீறாரும்மா."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். முன்கூட்டியே மருந்து. எடுத்ததும் ஓடாமல், கொஞ்ச நேரம் நடந்து, மெல்ல ஓடி, உடம்பைச் சூடாக்க வேண்டும். பனியில் வாயையும் மூக்கையும் துணியால் மூட வேண்டும். தூசி பறக்கும் ரோட்டுக்குப் போகவே கூடாது. இவ்வளவும் செய்து இழுத்தால் நின்றுவிட வேண்டும், திரும்பவும் மருந்து.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிணற்று மோட்டாரில் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்சைப் போட்டால், அது காற்றைக் குடித்துவிட்டுக் கதறும். இதை ஊருக்கெல்லாம் சொல்லித் திட்டுகிறவன் நான். என் மோட்டாரை மட்டும் இத்தனை நாளாக வறட்டு ஓட்டம் ஓட்டியிருக்கிறேன்.

மனைவி வாயிதா கொடுத்தாள். பந்தயம் வரைக்கும். அன்றைக்கு இழுத்தால் குழி தயார். கொத்திய பள்ளத்தை அவள் மூடவேயில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் இன்ஹேலருக்கு அவள்தான் பொறுப்பு. "மூச்ச வெளிய வுடு. இப்ப இழு. புடி, புடி, புடி… வுடு." பால்காரர் இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் பிரசவமா என்று விசாரித்தார்.

பந்தய நாளில் அவளும் வந்தாள். மருந்து ஆயிற்று, நடை ஆயிற்று, வாய்க்குத் துணி ஆயிற்று. ஓட ஆரம்பித்தேன். பாதித் தூரம் தாண்டும்போது எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று ஆமை போல வந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் அது வர வேண்டுமாம். கடைசி ஆள் யார் என்று திரும்பிப் பார்த்தேன். ஆம்புலன்ஸ்தான் இருந்தது.

டிரைவர் தலையை நீட்டினார். "சார், ஏறிக்கினீங்கன்னா நானும் நாஷ்டாவுக்குப் போவேன்."

"நாஷ்டா எங்கயும் ஓடிப் போவாது, ணா."

"நீங்களும் ஓடற மாதிரி தெரியலியே சார்."

தண்ணீர் கொடுத்த இடத்தில் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டது. கீ… கீ… கீ… வந்துவிட்டது. மண்வெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. நின்றுவிட்டேன். சத்தமும் நின்றது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், தாராளமாகப் போய் வந்தது. ஓரடி வைத்தேன். கீ. நனைந்துபோன ஷூ. இழுப்பு என் காலில்தான் வந்திருந்தது. நான் நடு ரோட்டில் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்து டிரைவர் வண்டியை விட்டு இறங்கியே விட்டார். மீதித் தூரமும் கீ கீ என்று பாடிக்கொண்டே ஓடினேன். இவ்வளவு நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

எல்லைக் கோட்டைத் தாண்டியபோது கைதட்ட ஆள் இல்லை. கோட்டுக்கு மேலே கட்டியிருந்த அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்கப் போயிருந்த மனைவி, கிளாசும் கையுமாக ஓடி வந்தாள். கிளாசை என்னிடம் கொடுத்தாள், என்னைத் திருப்பி நிறுத்தினாள், நனைந்த முதுகில் காதை வைத்தாள். பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்ச வுடுயா, கேக்கணும்ல!"

விட்டேன். இழுத்தேன். விட்டேன். காதை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மாற்றி வைத்துக் கேட்டாள். எவ்வளவு நேரமோ. சுற்றியிருந்தவர்கள் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"சத்தமே இல்ல," என்றாள், ஏதோ தானே ஓடி முடித்தது போல. பிறகு வளைவு கழற்றுகிறவர்கள் பக்கம் திரும்பினாள். "நைனா, கொஞ்சம் இருங்க. அதத் தூக்கிப் புடிங்க. இவரு வந்தத நான் பாக்கவே இல்ல, டீ குடிக்கப் போயிட்டேன்."

அவர்கள் சிரித்துக்கொண்டே வளைவின் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். அவள் எதிரே போய் நின்றுகொண்டு கையை ஆட்டினாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? போயி, திரும்ப ஓடியா!"

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.