ஒரு வாய்த் தண்ணீர் இல்லாத படம்

முப்பத்து நாலு வருடம் ஒரே நாளிதழில், வெள்ளிக்கிழமைதோறும் சினிமா விமர்சனம் எழுதியவர் அவர். படக்காரர்கள் வைத்த பெயர் கத்தரி. சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்ற பிறகுதான் அவரைப் பார்த்துக்கொள்ள நான் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இது அவர் மகளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. பத்திரிகைக்குத் தெரிந்தால் அந்த வெள்ளிக்கிழமைப் பத்தி போய்விடும். பத்தி போனால் மனிதர் படுத்துவிடுவார். அப்படிப் படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தியேட்டரில் வசனம் அவர் காதுக்கு, காட்சி என் வாய்க்கு. நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுவது போலத்தான் சொல்வேன்.

"இடது விலாவுல குத்து. கத்தியைப் பிடுங்கிட்டான், மடையன். இனி ரத்தம் நிக்காது."

"அழகா எடுத்திருக்கானா?"

"ரத்தம் ரத்தமாத்தான் இருக்கு."

"போதும் நர்ஸம்மா, பாதி விமர்சனம் முடிஞ்சுது."

அந்தப் படத்தில் நாற்பத்தொரு கொலை. கொன்றவனுக்கும் காரணம் கிடையாது, செத்தவனுக்கும் கிடையாது. மற்ற பத்திரிகைகளெல்லாம் 'துணிச்சல்', 'காலத்தின் கண்ணாடி' என்று தலையில் தூக்கி வைத்து ஆடின. இவர் மட்டும் வேறு சொன்னார், நான் எழுதினேன்: "மூன்று மணி நேரத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை."

வெள்ளி மதியமே தொலைபேசி அடித்தது. இளம் குரல், நல்ல மரியாதை.

"கடைசியில தண்ணி குடுக்கிறானே ஐயா, படமே அதுலதான இருக்கு? நீங்க படம் பாத்தீங்களா, தூங்கினீங்களா?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் முகவரி அந்தப் பட ரசிகர்கள் எல்லார் போனிலும் சுற்றியது. வாசல் கதவில் அந்த ஒரு வரியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எதிர்ப்புறம் ஒரு பைக், ஆள் மாற்றி ஆள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துபோயிற்று. படம் முடியக் கொஞ்சம் முன்னால் அவர் கை சில்லிட்டு வியர்த்தது, சர்க்கரை இறங்கிவிட்டது. நான் குனிந்து பையைத் துழாவி, குளுக்கோஸை அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். திரை தன்பாட்டுக்கு ஓடியது. கொஞ்சம் விட்டுப்போனது என்று பிறகு சொல்லவும் மறந்தேன்.

"தப்பு என்னோடது," என்றேன்.

"கீழே இருக்கிற பேரு என்னோடது," என்றார்.

பத்திரிகை ஆசிரியர் இவரைவிட இளையவர். போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். "அண்ணே, திங்கக்கிழமை மதியக் காட்சிக்கு வாங்க. என் பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவை பாருங்க. எழுதினதுல நிக்கிறீங்களான்னு அப்புறம் சொல்லுங்க."

நான் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று இளைஞர்கள். அவர்கள் திரையைப் பார்க்கவில்லை. இவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்சி வந்தது. வசனமே இல்லை.

"இப்ப பாத்தீங்களா அண்ணே?"

'பாத்தேன்' என்று ஒரு சொல் போதும், பத்தி பிழைத்துவிடும். அவர் என் பக்கம் தலையைத் திருப்பி, குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்: "நர்ஸம்மா, அங்க என்ன நடக்குது?"

ஆசிரியர் முதலில் அவரையும் பிறகு என்னையும் பார்த்தார். நான் சொன்னேன். "வயித்துல குத்துப்பட்டவனுக்குத் தண்ணி குடுக்கிறான், குத்தினவனே. குடுக்கவே கூடாது அது."

"அவனுக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்ச மாதிரி இல்ல. குழந்தைக்குப் புகட்டற மாதிரி புகட்டறான்."

"அப்ப நான் எழுதினது தப்பு."

வெளியே வந்ததும் ஆசிரியர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திருத்தம் போட்டுடலாம் அண்ணே. இந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து வேற ஒருத்தர்..." முடிக்காமலே நகர்ந்துவிட்டார்.

"திருத்தத்தையாவது நான் எழுதறேம்ப்பா," என்று இவர் சொன்ன திசையில் ஆளில்லை.

அதற்குள் அந்த மூவரில் ஒருவன் இவர் கையைப் பற்றியிருந்தான். "படி இருக்கு ஐயா, மெதுவா. வீடு எங்களுக்குத் தெரியும், நாங்களே கொண்டு விடறோம்."

"கையை எடுப்பா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே எடுத்தான். ஐந்து படி. நான் எண்ணிச் சொல்லச் சொல்ல அவர் இறங்கினார். எங்கள் பின்னால் அவர்களும் சேர்ந்து எண்ணிக்கொண்டே இறங்கினார்கள்.