முள் ஏன் இறங்கியது?

எரிவாயுக் குழாய் போடும் அவளுக்குத் தொழிலில் வைத்த பெயர் மோப்பம். இருபத்திரண்டு வருட வேலை. தன் கையால் முறுக்கிய மரையையே மறுநாள் வந்து சோப்பு நுரை தடவிப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த இரண்டு பேர் அந்த மூக்குக்குப் பயந்து ஓடியதாக அவள் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். ஓடியவர்களிலும் ஏதோ கசிவு இருந்திருக்கும் என்பது அவள் கட்சி.

அந்த அண்ணன் வீட்டுக்கே குழாய் போட வேண்டி வந்தது. அம்மா படுத்திருக்கும் அறைச் சுவர் வழியாகப் போனால்தான் குழாய் சமையலறையைச் சேரும். பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது, வாசனையும் தெரிவதில்லை. கேஸ் கசிந்தால் அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுந்து ஓட முடியாது. அதனால் சுவருக்குள் இணைப்பே வராமல் ஒரே நீளச் செம்புக் குழாயைப் பதித்தாள். சுவரைத் துளைத்துப் போகும் இடங்களில் உறைக்குழாய் செருகினாள். காற்றை ஏற்றி அழுத்தமானியை மாட்டினாள். முள் அசையவில்லை என்று கண்ட பிறகே கொத்தனாரைப் பூசவிட்டாள்.

பூச்சு காய்ந்து, வெள்ளையடித்து ஒரு வாரம் போனது. கேஸைத் திறக்குமுன் இரண்டாம் முறை காற்று ஏற்றிப் பார்ப்பது அவள் வழக்கம். முள் மெல்ல இறங்கியது.

வெளியே தெரிந்த இணைப்புகளில் நுரை தடவினாள். ஒரு குமிழி இல்லை. அப்படியானால் கோளாறு சுவருக்குள்.

கொத்தனாரைப் பிடித்தாள். "பூசும்போது மட்டம் பிடிக்க எங்கயாவது ஆணி அடிச்சீங்களா?"

"நான் என்ன நேத்து முளைச்ச கொத்தனாரா? கரண்டியத் தவிர எதுவும் சுவத்தத் தொடல. உங்க மானிதான் பொய் சொல்லுது."

மானியை மாற்றினாள். அதுவும் இறங்கியது. அண்ணனைக் கேட்டாள். "எனக்கு ஆணி அடிக்கத் தெரிஞ்சா உங்க அண்ணிகிட்ட ஏன் தினமும் திட்டு வாங்குறேன்?" என்றார் அவர்.

மீதி அண்ணி. காலையிலிருந்து அவர் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவே இல்லை. துடைத்தார், பவுடர் போட்டார், போட்ட விரிப்பையே மறுபடி இழுத்துப் போட்டார். கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரத்துண்டு ஒன்று தொங்கியது. நோயாளியின் தலைமாட்டில் ஈரத்தைக் காயப்போடுகிற ஆளா அண்ணி? மோப்பம் போய்த் துண்டைத் தூக்கினாள். பென்சில் கனத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு கயிற்று வளையம்.

"இது என்ன அண்ணி?"

"தெரியலையா? ஆணி."

"யார் அடிச்சது?"

"நான்தான். வெள்ளையடிச்ச மறுநாள். அத்தை வலது கையால கயித்தப் பிடிச்சு அவங்களாவே திரும்பிப் படுக்குறாங்க. முதுகுப்புண் இப்பத்தான் ஆறுது. நீ பாத்தா பிடுங்கிப் போடுவேன்னு மறைச்சேன்."

"குழாய் மேல அடிச்சிருக்கீங்களே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே! குழாய் எந்தப் பக்கமா போகுதுன்னு கேட்டதுக்கு, 'உங்களுக்கு எதுக்கு'ன்னு வரைபடத்த மடிச்சுப் பையில வச்சுக்கிட்டே. நான் என்ன ஜோசியக்காரியா?"

படத்தைக் காட்டினால் யாராவது அரைகுறை ஆளைக் கூட்டிவந்து கிளைக்குழாய் எடுத்துவிடுவார்கள் என்பது மோப்பத்தின் சந்தேகம். எந்த வீட்டிலும் அவள் படத்தைக் கொடுத்ததில்லை.

கட்டிலை நகர்த்திவிட்டுச் சுவரைக் கொத்தினார்கள். ஆணி செம்பைத் துளைத்து, தானே அடைப்பானாக நின்றது. இன்னும் எத்தனை முறை அம்மா கயிற்றை இழுத்திருந்தால் அது தளர்ந்திருக்குமோ! நல்லவேளை, குழாயில் இதுவரை ஓடியது வெறும் காற்று.

பழைய குழாயைக் கழற்றி எறிந்தாள். புதிய குழாயைச் சுவருக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி கவ்விகளில் ஏற்றி மஞ்சள் பூசினாள். கொத்திய இடத்தைப் பூசி மூடியபின், கட்டிலுக்கு மேலே இப்போது உள்ளே குழாய் இல்லாத வெறும் சுவர். அங்கே தானே துளை போட்டு, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டை இறுக்கி, கயிற்றை மாட்டினாள். பிறகு காற்று ஏற்றினாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"அம்மா, பிடிச்சுத் திரும்புங்க" என்றாள்.

அண்ணி குறுக்கே கையை நீட்டினார். "இரு. அத்தை உடம்பு அது. முதல்ல நீ தொங்கு."

மோப்பம் அண்ணியை முறைத்தாள். பிறகு கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, கால்களை மடக்கித் தொங்கினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் அண்ணி, போல்ட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.